பூச்சிகளை எடுத்துவிட்டார்கள்

— எடுத்துட்டானுங்க குட்டி, அடியோட எடுத்துட்டானுங்க. நான் சொல்றேன் கேளு, அந்தச் சதுப்பு முழுக்க ஒரு சில்வண்டு கிடையாது.

— உள்ள வரலாமா அண்ணா, இல்ல வாசல்லயே நின்னு கேக்கணுமா?

— வா, வா. சோபால கிடக்கிற துணியெல்லாம் ஒரு ஓரமா தள்ளிட்டு உட்காரு. உங்க அண்ணி பாப்பாவ நீச்சல் வகுப்புக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா, வர நேரமாகும். டீ வேணும்னா நீயே போட்டுக்க. நான் இத இப்ப விட முடியாது.

— இன்னும் சதுப்புலயேவா நிக்கிற?

— நிக்கிறேனா? சாகுறேன்! போறேன், சாகுறேன். திரும்பப் போறேன், திரும்பச் சாகுறேன். சேறன் வர்றது தெரிஞ்சாதானே நிக்க முடியும்? சொல்லாம கொள்ளாம காலப் பிடிச்சு உள்ள இழுத்துடுறான். இந்தா, பாரு... பாரு... போச்சு. பார்த்தியா? ஒரு எச்சரிக்கை இருந்துச்சா?

— ம்.

— என்ன ‘ம்’?

— ஒண்ணுமில்ல. டீ போடப் போறேன். உனக்கும் வேணுமா?

— போடு. அடுப்படிலேர்ந்தே கேளு, நான் எழுதினத படிக்கிறேன். நேத்து போட்டேன், எத்தனை பேர் பகிர்ந்திருக்காங்கன்னு நீயே பாரு. ஆயிரக்கணக்குல போயிட்டிருக்கு.

— பார்த்தேன். என்கிட்ட வண்டி பழக வர்ற ஒரு பொண்ணு, என் அண்ணன்னு தெரியாமலே என்கிட்ட காட்டினா.

— என்ன சொன்னா?

— ‘யாரோ ஒருத்தர் செம்மையா எழுதியிருக்கார் மேடம்’னா. சிக்னல்ல நிக்கும்போது போனப் பார்க்காதேன்னு திட்டினேன்.

— நீ முழுசாப் படிச்சிருக்க மாட்ட. கேளு: “‘நாணல் நாடு’ விளையாட்டின் உயிரே அந்தச் சதுப்புதான். மூடுபனியில் கண்ணுக்கு எதுவும் தெரியாது. சில்வண்டுகள் கத்திக்கொண்டிருக்கும்வரை நடக்கலாம். அவை சட்டென்று அடங்கினால் சேறன் அருகில் வந்துவிட்டான் என்று பொருள். மூச்சு விடாமல் நிற்க வேண்டும். திரும்ப ஒரு பூச்சி கத்தத் தொடங்கிய பிறகுதான் அடுத்த அடி. இப்படியொரு காட்சியை அமைத்தவன் கலைஞன். புதுப்பித்துத் தருகிறோம் என்று வந்தவர்களோ பூச்சிகளையே எடுத்துவிட்டார்கள். இது கண் இருக்கிறவர்களுக்கான பதிப்பு. காது இருக்கிறவர்களுக்கு இதில் இடமில்லை.”

— கடைசி வரி நல்லா இருக்கு.

— நல்லா இருக்குல்ல? அத வச்சுத்தான் எல்லாரும் பகிர்றாங்க.

— சர்க்கரை எங்க?

— மேல் தட்டுல, நீல மூடி. அப்புறம் கேளு, கம்பெனிக்காரன் பதில் போட்டிருக்கான். “தங்கள் கருத்துக்கு நன்றி. சதுப்புப் பகுதியின் ஒலிகளில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை.” எப்படி இருக்கு? யார்கிட்ட சொல்றான்? வருஷக்கணக்கா ஸ்டுடியோல சவுண்ட் மிக்ஸிங் போர்டு முன்னாடி உட்கார்ந்து தேய்ஞ்சவன்கிட்ட! கதவு சாத்துற சத்தத்த வச்சே அது என்ன மரம்னு சொல்றவன்கிட்ட!

— டீ. சூடா இருக்கு, பார்த்து. நானும் வாங்கினேண்ணா.

— எத?

— இத. புது ‘நாணல் நாடு’. வந்த அன்னைக்கே வாங்கிட்டேன்.

— அடிப்பாவி, சொல்லவே இல்ல! ஆடினியா? எரிச்சலா வரல?

— வந்துச்சு. ஓடக்காரன என்ன பண்ணி வச்சிருக்காங்க!

— ஐயோ, அவன் பல்ல பார்த்தியா?

— பார்த்தேனே.

— பழையதுல அவனுக்கு வாயே ரெண்டு கோடுதான். அந்த ரெண்டு கோட்டுல எவ்வளவு சோகம் இருந்துச்சு! இப்ப பல் டாக்டர் விளம்பரத்துக்கு வந்தவன் மாதிரி பளீர்னு இளிக்கிறான். பொண்டாட்டி ஆத்துல போன கதைய இளிச்சுக்கிட்டே சொல்றான்.

— கதைய நீ கேட்டியா? எனக்கு அதுகூடக் கிடைக்கல. ஒரு பொத்தான அமுக்கினா நேரா அக்கரைல இறக்கி விட்டுடுறாங்க. முன்னாடி அவன் துடுப்பு போடுற வரைக்கும் உட்கார்ந்திருக்கணும். எனக்கு அந்த உட்கார்ந்திருக்கிறதுதான் பிடிக்கும்.

— இத எழுது! நீயும் எழுது குட்டி. அந்த அம்புக்குறிய பத்தியும் எழுது. இங்க போ, அங்க திரும்பு, இவன்கிட்ட பேசுன்னு தலைக்கு மேல ஒரு மஞ்சள் அம்பு.

— அது எங்க டிரைவிங் ஸ்கூல் வண்டில ஒட்டுற ஸ்டிக்கர் மாதிரியே இருக்கு.

— பனியையும் மெலிசாக்கிட்டானுங்க. அக்கரை மரம் தெரியுது. அக்கரை தெரிஞ்சா அப்புறம் அது என்ன சதுப்பு? குட்டை!

— பனி விஷயம் சரிதான். ஓடக்காரன், அம்பு, பனி, மூணுத்துக்கும் உன் பக்கம்தான் நான்.

— பூச்சி?

— நான் சதுப்பத் தாண்டிட்டேண்ணா.

— என்னது?

— தாண்டிட்டேன். கலங்கரை வரைக்கும் போயிட்டேன்.

— சுலபம்னு இருக்கிறத வச்சு ஆடியிருப்ப.

— இல்ல. நீ வச்சிருக்கிற அதே கஷ்டத்துலதான்.

— எப்படித் தாண்டின?

— நடந்தேன், நின்னேன், நடந்தேன்.

— எத வச்சு நின்ன?

— பூச்சி அடங்கினப்ப நின்னேன்.

— இல்லாத பூச்சி எப்படி அடங்கும்? நீயே யோசி. பனியத்தான் மெலிசாக்கிட்டானே, சேறன் நெளியுறது உன் கண்ணுக்கே தெரிஞ்சிருக்கும்.

— அவன் முதுகு பனிக்கு அடியில சேத்தோட சேறா கிடக்கு. எனக்குத் தெரியல. நான் கேட்டேன்.

— நீ கேக்கல குட்டி. உனக்குக் கேட்ட மாதிரி இருந்திருக்கு, அவ்வளவுதான். எங்க தொழில்ல இது சர்வ சாதாரணம். ஒரு சீரியல்ல கதவு சாத்துற இடத்துல நான் சத்தமே போடாம விட்டுட்டேன்னு வை. பார்க்கிற பத்துல எட்டுப் பேர் ‘டப்’புனு கேட்டுச்சுன்னு சத்தியம் பண்ணுவாங்க. கண்ணு பார்க்குது, மூளை இட்டு நிரப்பிக்குது. சின்ன வயசுலேர்ந்து அந்தச் சதுப்புல பூச்சிச் சத்தம் கேட்டவ நீ. பச்சையா நாணல் தெரிஞ்சதும் உன் மண்டை தானாவே கத்த ஆரம்பிச்சிருக்கும்.

— அப்படின்னா உன் மண்டையும் கத்தியிருக்கணுமே.

— என் மண்டை பழக்கப்பட்ட மண்டை. இல்லாதத இல்லன்னு சொல்லும்.

— அப்படியா.

— ‘அப்படியா’ன்னு இழுக்காத. அந்தக் கமெண்ட்லயும் ஒருத்தன் வந்தான், ‘எனக்கு நல்லாத்தானே கேக்குது’ன்னு. யாருன்னு போய்ப் பார்த்தா நேத்து ஆரம்பிச்ச கணக்கு. கம்பெனி ஆளு! தூக்கி வெளிய போட்டேன்.

— எத்தனை பேர அப்படிப் போட்ட?

— நான் என்ன எண்ணிக்கிட்டா இருக்கேன்? கொஞ்சம் பேர்.

— பழையத கடைசியா எப்ப ஆடின?

— எப்பவோ. கல்யாணத்துக்கு முன்னாடி. எதுக்கு ஆடணும்? அது அப்படியே எனக்குள்ள இருக்கு. அப்பா பகல்ல தூங்குவாரே, ஞாபகம் இருக்கா?

— மில்லுல ராத்திரி வேலை பார்த்துட்டு வந்து. ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்து வந்து பிளக்கப் பிடுங்கிடுவார்.

— அதனாலதான் டிவி சத்தத்த ஒரே ஒரு கோட்டுல வைப்போம். அதுக்குக் கீழ போனா ஊமை. நீயும் நானும் டிவி ஓரத்துல கன்னத்த ஒட்டிக்கிட்டு ஆடுவோம். உன் முடியில எல்லாம் டிவித் தூசி.

— அம்மா கேப்பாங்க, பரணுக்குள்ள போனியாடின்னு.

— அந்த ஒரு கோட்டுச் சத்தத்துல பூச்சி அடங்குறத நான் பிடிப்பேன். உன் தோள அமுக்குவேன். நீ விரல எடுத்துடுவ.

— நீ சொல்ற வரைக்கும் மூச்சு விட மாட்டேன். ஒரு தடவை மயக்கமே வந்துச்சு.

— என் காது அங்க பழகின காது குட்டி. ஸ்டுடியோல வேலை கேட்டுப் போன முதல் நாள் அங்க இருந்த பெரியவர் ஒரு டேப்ப போட்டு என்ன கேக்குதுன்னார். ரெண்டு பேர் பேசுறாங்க, வெளிய மழை, பக்கத்து அறைல ஒருத்தன் கடிகாரத்துக்குச் சாவி குடுக்கிறான்னேன். மனுஷன் ஆடிப்போயிட்டார். அன்னைக்கே வேலை. அவ்வளவும் இந்தச் சதுப்பு போட்ட பிச்சை. அதுல கை வச்சிருக்கானுங்க. எனக்கு ஏன் கோபம் வராது?

— வரட்டும். கோபப்பட வேணாம்னு நான் சொல்லலையே.

— அப்ப எதுக்கு வந்த? வாரத்துல நடுவுல நீ வரமாட்டியே. வகுப்பு இல்லையா?

— சாயங்கால வகுப்ப மாத்தி விட்டுட்டேன்.

— ஓ. இரு இரு. என் ஸ்டுடியோ பார்ட்னர் அனுப்பினானா?

— போன் பண்ணினார்.

— அதான பார்த்தேன்! பதிவ எடுக்கச் சொல்லச் சொன்னானா? அவனுக்கு ஒரே பயம். கேம் கம்பெனிக்காரங்க நாளைக்கு டப்பிங் வேலை தருவாங்களாம், இப்ப நான் திட்டினா நம்ம பேர் கெட்டுடுமாம். நேர்மையா ஒண்ண நல்லா இல்லன்னு சொல்லக்கூட இவன்கிட்ட அனுமதி வாங்கணும்!

— அவர் பதிவப் பத்திப் பேசவே இல்ல.

— பின்ன?

— ஏதோ ஒரு படம் திரும்பி வந்துடுச்சாமே?

— அது ஒரு விஷயமா? குழந்தைங்க படம். பின்னாடி ‘உய்ய்’னு ஒரு விசில் வருதாம், முழு நீளத்துக்கும். யார் சொல்றான்னு கேளு, வாங்கினவன். நான் மூணு தடவை போட்டுக் கேட்டேன். பாப்பா தூங்குற மாதிரி அமைதியா இருக்கு. அவன் ஸ்பீக்கர் ஓட்டை.

— பார்ட்னருக்கும் கேட்டுச்சாம்.

— வாடிக்கையாளர் கேக்குதுன்னா அவனுக்கும் கேக்கும். அவர் மழை பெய்யுதுன்னா குடைய விரிப்பான்.

— வாசல்ல உட்கார்ற பொண்ணுக்கும் கேட்டுச்சாம்.

— யாரு, போன் எடுக்கிற பொண்ணா? சரிதான் போ. இனிமே அவளையே மிக்ஸிங் பண்ணச் சொல்லு, நான் போய் போன் எடுக்கிறேன்.

— உன்னை யாரும் குறை சொல்லலண்ணா. அவர் குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. அதான் வந்தேன்.

— நம்ம ஸ்டுடியோ ஸ்பீக்கரையும் மாத்துன்னு போன மாசமே பார்ட்னர்கிட்ட சொன்னேன். மாத்தினான். இப்பப் புது ஸ்பீக்கரும் எனக்குச் சரியாப் படல. எல்லாமே ஒரு போர்வைய மூடின மாதிரி மொத்தையா வருது. இப்பல்லாம் எவனும் ஒழுங்கா எதையும் செய்யுறதில்ல குட்டி. ஸ்பீக்கரும் அப்படி, கேமும் அப்படி. எல்லாம் மொழுக்குனு இருக்கு, முனையே இல்ல.

— என்கிட்ட வர்றவங்க எங்கயாவது இடிச்சதும் முதல்ல சொல்றது, ‘மேடம் இந்த வண்டில பிரேக் சரியில்ல’ன்னுதான்.

— என்ன சொல்ல வர்ற?

— எங்க வேலையப் பத்திச் சொன்னேன்.

— என்னைப் போய் உன் எல்-போர்டு ஆளுங்களோட சேர்க்கிறியா?

— சேர்க்கல. போன வாரம் உன்னை ஸ்டுடியோல விட்டேனே, என் வண்டில வந்தியே.

— வந்தேன். அதுக்கென்ன?

— என் வண்டி எப்படி இருந்துச்சு?

— நல்லாத்தான் இருந்துச்சு. ஏன், விக்கப் போறியா?

— பெல்ட் தேஞ்சு கிறீச்சுனு கத்திக்கிட்டே வந்துச்சு. ரோட்டுல போறவங்க திரும்பிப் பார்த்தாங்க. முன்னெல்லாம் வண்டில காலத் தூக்கி வைக்கும்போதே எது லூசா இருக்குன்னு சொல்லிடுவ. அதான் கேட்டேன்.

— நான் வேற யோசனைல இருந்திருப்பேன். இந்தக் கேம் வந்ததுலேர்ந்து எனக்குச் சோறு தண்ணியே இறங்கல. சும்மா நோண்டாத.

— சரி. நோண்டல. இந்தப் பைய பிரி.

— என்னது இது? ரொம்பக் கனமா இருக்கே... ஏய்! பழைய பெட்டியா? இது இன்னும் இருக்கா?

— எங்க வீட்டுப் பரண்லதான் இருந்துச்சு. நேத்து இறக்கித் துடைச்சேன். ஓடுது. விசிறி மட்டும் இரையுது.

— கேம்?

— உள்ளயே இருக்கு. உன் பல்லுத் தடம்கூட கன்ட்ரோலர்ல அப்படியே இருக்கு.

— அது உன் பல்லு.

— உன் பல்லுண்ணா. நான் கடிக்கிறதா இருந்தா உன்னைத்தான் கடிப்பேன்.

— குட்டி, நீ நிஜமாவே ஒரு தங்கச்சிடி. இதான் ஆதாரம்! ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஆட்டிக் காட்டினா கம்பெனிக்காரன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுப்பான்? வா, இந்த ஒயர அந்தப் பக்கம் சொருகு.

— அதுக்குத்தான் கொண்டுவந்தேன். ஆனா நீ பார்க்கக் கூடாது.

— என்ன?

— பார்த்தா தெரிஞ்சிடும். பழையது கட்டம் கட்டமா இருக்கும், புதுசு பளபளன்னு இருக்கும். மூளை இட்டு நிரப்பிக்கும்னு நீதானே சொன்ன? கண்ணக் கட்டிக்க. நான் போடுறேன். காதால மட்டும் கேட்டு எது பழசு, எது புதுசுன்னு சொல்லு.

— அடேங்கப்பா! பரீட்சையா?

— பரீட்சைதான்.

— எனக்கே பரீட்சையா? சரி, வச்சுக்கோ. ஆனா ஒண்ணு, போன்ல பதிவு பண்ணு. கண்ணக் கட்டிக்கிட்டு சரியாச் சொல்றத அப்படியே போட்டேன்னா, அதுக்கப்புறம் ஒருத்தன் வாயத் திறப்பானா?

— பதிவு வேணாம்.

— ஏன்?

— முதல்ல நமக்குள்ள பார்ப்போம். அப்புறம் வேணும்னா இன்னொரு தடவை பண்ணிக்கலாம்.

— நீ எப்பவும் இப்படித்தான், தண்ணில காலை வச்சுப் பார்த்துட்டுத்தான் இறங்குவ. சரி. அந்தத் துண்ட எடு. இறுக்கிக் கட்டு. மூக்குப் பக்கம் சந்து விடாத, அப்புறம் பார்த்துட்டான்னு சொல்வ.

— வலிக்குதா?

— இல்ல. ஒண்ணும் தெரியல. கும்மிருட்டு. ஆரம்பி.

— ரெண்டு பெட்டியையும் ஓட விடுறேன். விசிறிச் சத்தத்த வச்சுக் கண்டுபிடிச்சிடுவ.

— புத்திசாலிதான். கேக்குது, ரெண்டு விசிறியும் உர்ருனு கேக்குது. போடு.

— போட்டுட்டேன். சதுப்பு ஆரம்பம். ஓடத்துலேர்ந்து இறங்கியாச்சு.

— தெரியுது, குழல் வாசிக்கிறான். கால் சேத்துல சளக் சளக்குனு போகுது. காத்து இருக்கு. தவளை ஒண்ணு, அதோ இன்னொண்ணு. ம்ம்... பூச்சி இல்ல. புதுசு!

— நிச்சயமா?

— இதுல என்ன நிச்சயம்? ஒரு பூச்சி இல்லையே. எழுதிக்க, புதுசு. மாத்து.

— மாத்திட்டேன்.

— ம். குழல். சளக் சளக். தவளை. இரு... காத்து கொஞ்சம் கூட இருக்கு... இரு.

— இருக்கேன்.

— கொஞ்சம் சத்தத்த ஏத்து.

— ஏத்திட்டேன்.

— இன்னும்.

— இதுக்கு மேல பக்கத்து வீட்டுக்காரங்க வருவாங்கண்ணா.

— ஏய், இதுவும் புதுசுதான்! ரெண்டு தடவையும் ஒண்ணையே போடுற, கள்ளி. சின்ன வயசுல சீட்ட மடிக்கு அடியில ஒளிச்சு வச்சவதானே நீ?

— ஒளிச்சேன். இப்ப ஒளிக்கல.

— அப்ப ரெண்டுல எது பழசு?

— நான் சொல்லக் கூடாது, பரீட்சை நடக்குது.

— சரி, அதையாவது சொல்லு. உனக்கு இப்ப பூச்சி கேக்குதா?

— அதையும் சொல்லக் கூடாது.

— உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

— டீ ஆறிப்போச்சு, அதான். இன்னொரு தடவை போடட்டுமா?

— போடு. இந்தத் தடவை என்ன பண்ற, குழல நிறுத்திடு. செட்டிங்ஸ்ல இருக்கும், இசைக்குத் தனியா ஒரு கோடு. ரெண்டுலயும் இருக்கு. அதுதான் குழப்புது. அந்தக் குழல் மேல ஏறி உட்கார்ந்துக்குது.

— நிறுத்திட்டேன்.

— காத்தையும் இறக்கு. நடக்காத, அப்படியே நில்லு. சேறன் பக்கத்துல இல்லையே?

— இல்ல. யாரும் பக்கத்துல இல்ல.

— அப்ப பூச்சி கத்திக்கிட்டே இருக்கணும். இருந்தா.

— ஆமா. கத்திக்கிட்டே இருக்கணும்.

— என்ன பண்ற? எங்கயோ நடக்கிற.

— இங்கதான் இருக்கேன். புழுக்கமா இருந்துச்சு. இந்தா, வந்துட்டேன். நல்லாக் கேளுண்ணா. அவசரமே இல்ல.

— பேசாம இரு... ம்.

— ...

— ம்ம்.

— ...

— ஒண்ணும் இல்ல குட்டி. தவளைகூட அடங்கிடுச்சு. உர்ருனு விசிறி ரெண்டு, அவ்வளவுதான். சுத்தமாத் துடைச்சு விட்டிருக்கான். பார்த்தியா, நான் சொன்னேன்ல? குழலையும் காத்தையும் எடுத்துட்டுப் பார்த்தா குட்டு வெளிப்பட்டுடுச்சு. இதத்தான் பதிவு பண்ணியிருக்கணும் நீ. இது பழசா இருக்கவே முடியாது. பழசு அந்த ஒரு கோட்டுச் சத்தத்துலயே உயிரோட இருக்கும், இது முழுச் சத்தத்துலயும் பிணம் மாதிரி கிடக்கு. புதுசு. நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லத் தயார். நல்ல அருமையான சதுப்பு, அதுல ஒரு உசிரக்கூட விட்டு வைக்கலையே பாவிங்க.

— அண்ணா.

— சொல்லு, நான் சொன்னது சரிதானே? என்னை விடு. நீயே கேளு, உன் காதால கேளு. பரீட்சையெல்லாம் முடிஞ்சுது, இப்ப வாயத் திறந்து சொல்லலாம். ஒரு பூச்சிச் சத்தம் இருக்கா இதுல?

— டிவிய அப்பவே அணைச்சுட்டேண்ணா... ஜன்னலத் திறந்து வச்சிருக்கேன், வெளிய புல்லுல ஊர்ப்பட்ட சில்வண்டு கத்திக்கிட்டு இருக்கு.